டிரிபிள் ஏயா, டபிள் ஏயா, ஹவுஸ் லீக்கா? ரொறன்ரோவில் ஹொக்கி ஆடும் பிள்ளைக்கு எந்த வழி?

ஏப்ரல் பிறந்தால் ரொறன்ரோவில் ஹொக்கி ஆடும் பிள்ளைகளின் வீடுகளில் ஒரே கதைதான்: ட்ரை-அவுட், அதாவது அணித் தேர்வு. ஒரு பருவம் முடிந்த கையோடு அடுத்த பருவத்துக்கான அணிகள் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு இப்போது வளர்ந்து வருகிறது. பெற்றோரில் அநேகர் கிரிக்கெட்டும் உதைபந்தும் பார்த்து வளர்ந்தவர்கள். ஐஸ் ஹொக்கியின் படிகளை யாரும் அவர்களுக்கு இருத்தி விளங்கப்படுத்தியதில்லை. அரீனாவில் யாரைக் கேட்டாலும், "டிரிபிள் ஏ கிடைச்சால் விட்டுடாதேங்கோ" என்றுதான் சொல்வார்கள். டிரிபிள் ஏ என்றால் பிள்ளைகள் ஆடும் படிகளில் உச்சி. பத்து வயதுப் பிள்ளையைப் பொறுத்தவரை அந்த ஆலோசனை பெரும்பாலும் பிழை என்றே நான் நினைக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது சரியாகவும் இருக்கலாம்.

ரொறன்ரோவிலும் அதை ஒட்டிய மிசிசாகா, வோன், மார்க்கம் பகுதிகளிலும் மைனர் ஹொக்கியின், அதாவது சிறுவர் ஹொக்கியின், பெரிய அமைப்பு ஜி.டி.எச்.எல்., அதாவது கிரேட்டர் ரொறன்ரோ ஹொக்கி லீக். 1911-இல் ஃபிராங்க் ஸ்மித் என்ற இளைஞர் பீச்சஸ் ஹொக்கி லீக் என்ற பெயரில் சில அணிகளைச் சேர்த்துத் தொடங்கியது இது. பிறகு ரொறன்ரோ ஹொக்கி லீக் ஆனது. 1972-இல் மெட்ரோ ரொறன்ரோ ஹொக்கி லீக் ஆகி, 1998-இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஏறக்குறைய 40,000 பிள்ளைகளோடு உலகிலேயே மிகப்பெரிய மைனர் ஹொக்கி அமைப்பு என்று இது அறியப்படுகிறது. அடித்தளத்தில் யாரும் சேரக்கூடிய ஹவுஸ் லீக், அதற்கு மேல் அதிலிருந்தே ஆட்களை எடுக்கும் செலெக்ட். அதற்கும் மேலே போட்டிப் பிரிவுகள்: சிங்கிள் ஏ, டபிள் ஏ, உச்சியில் டிரிபிள் ஏ. அந்த உச்சியில் ரொறன்ரோ மார்ல்பரோஸ், டொன் மில்ஸ் ஃபிளையர்ஸ், ஜூனியர் கனேடியன்ஸ், வோன் கிங்ஸ், மிசிசாகா ரெபல்ஸ் என்று ஒரு டசின் அளவிலான கழகங்களே இருக்கின்றன. ஒரு அணிக்குப் பதினேழு பிள்ளைகள் என்று வைத்தால், ஒரே ஆண்டில் பிறந்தவர்களுக்கு இருநூறு சொச்சம் இடங்கள்தான்.

அந்த இருநூறுக்குள் இருந்துதான் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் பெரிய பெயர்கள் வந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கொனர் மக்டேவிட்டும் ஜோன் டவாரெஸும் மார்ல்பரோஸில் ஆடியவர்கள். மிட்ச் மார்னர் வோன் கிங்ஸிலும் டொன் மில்ஸ் ஃபிளையர்ஸிலும் ஆடினார். பி.கே. சுப்பன் மார்க்கம் ஐலண்டர்ஸில் ஆடினார். ஓ.எச்.எல். எனப்படும் ஒன்ராறியோ ஹொக்கி லீக், தொழில்முறைக்கு முந்திய பெரிய இளையோர் லீக். அதன் 20 அணிகள் ஒவ்வொரு வசந்தத்திலும் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும். அப்போது ஜி.டி.எச்.எல். டிரிபிள் ஏ அணிகளின் பெயர்கள்தான் பட்டியலில் அடிக்கடி ஒலிக்கும். அந்தத் தேர்வுக்கு முன் நடக்கும் ஓ.எச்.எல். கப் போட்டியில் ஆட்டக்காரரைத் தேடும் எல்லா அணிகளின் ஸ்கவுட்களும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருப்பார்கள். மகன் உண்மையிலேயே அந்த அளவுக்கு ஆடுகிறான், வயதும் பதினான்கைத் தாண்டிவிட்டது என்றால், அவன் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒன்ராறியோவில் 1975-இல் பிறந்து மைனர் ஹொக்கி ஆடிய ஏறக்குறைய 30,000 பையன்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒருமுறை பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஓ.எச்.எல். தேர்வில் பெயர் வந்தவர்கள் 232 பேர். அவர்களில் ஒரு ஆட்டமாவது ஓ.எச்.எல்.லில் ஆடியவர்கள் 105 பேர். என்.எச்.எல். அணிகள் தேர்ந்தெடுத்தவர்கள் 48 பேர். என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டமாவது ஆடியவர்கள் 32 பேர். அந்த 32 பேரில் ஒருவனாக என் பிள்ளை வருவான் என்ற எண்ணத்தில் பத்து வயதில் முடிவெடுக்கக் கூடாது. இந்தப் பருவமும் அடுத்த பருவமும் அவனுக்கு எப்படி இருக்கும் என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

டிரிபிள் ஏ வீட்டின் ஒரு வாரம்

பயிற்சியும் ஆட்டமுமாக வாரத்தில் மூன்று, நான்கு நாட்கள் ஐஸில். அதற்கு மேல் ஐஸுக்கு வெளியே உடற்பயிற்சி, மாதத்தில் ஒரு வாரஇறுதி எங்காவது டூர்னமென்ட். இது தாளில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. மால்வேர்னில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு எற்றோபிக்கோவில் ஆறு மணிக்குப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளை நாலரைக்குக் காரில் ஏற வேண்டும். நெடுஞ்சாலை 401-இல் அந்த நேரத்து நெரிசல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பின் இருக்கையில் தெர்மொஸில் சோறும் கோழிக் குழம்பும். மடியில் கணக்குக் கொப்பி. பயிற்சிக்குக் கொஞ்சம் முன்னரே வந்து ஓடிச் சூடேற வேண்டும் என்பார்கள், பிந்தினால் அடுத்த ஆட்டத்தில் ஒரு பீரியட் பெஞ்சில். முடித்து வீடு திரும்ப ஒன்பதைத் தாண்டும். சின்னது ஒன்று வீட்டில் இருந்தால் அதுவும் பைஜாமாவோடு காரில்தான்.

இதற்குள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் மிருதங்கமும் எங்கே போகும் என்பது எங்களுக்கு மட்டும் உரிய கேள்வி. இதை இரண்டாம் பட்சமாகத் தள்ளிவிடாதீர்கள். டிரிபிள் ஏக்குப் போன பிள்ளை ஆறு மாதத்தில் தமிழ் வகுப்பை விடுகிறது, அப்பம்மாவோடு பேச்சும் மெல்ல ஆங்கிலத்துக்கு மாறுகிறது. பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவருவது பெரிய பாடு. கோச்சிடம் முதல் நாளே சொல்லி ஒரு சனிக்கிழமைக் காலையைக் காப்பாற்றிக் கொண்ட குடும்பங்களும் உண்டு. டபிள் ஏயிலும் சிங்கிள் ஏயிலும் அது எளிது, டிரிபிள் ஏயில் கடினம்.

காசு விஷயத்தில் நேராகவே பேசுவோம். ஹவுஸ் லீக் பருவத்துக்குச் சில நூறு டொலர். டிரிபிள் ஏ பல ஆயிரம் டொலர். அணிக் கட்டணத்தைச் சொல்லும்போது கோச் சொல்வது ஒரு தொகை. பருவம் முடியும்போது நீங்கள் கொடுத்திருப்பது வேறு தொகை. அதனால் கையெழுத்துப் போட முன் அணியின் வரவுசெலவுத் தாளைக் கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக் கேளுங்கள்: எத்தனை மணித்தியால ஐஸ், அதில் இன்னொரு அணியோடு பகிரும் அரை ஐஸ் எத்தனை? கோச்சுக்குச் சம்பளம் உண்டா, எவ்வளவு? ஸ்கேட்டிங் பயிற்றுநர், கோலிப் பயிற்றுநர் இந்தத் தொகைக்குள் வருகிறார்களா? எத்தனை டூர்னமென்ட், அவற்றில் எத்தனை அமெரிக்காவில்? ஹோட்டல் அறைக்கு அணி சொல்லும் இடத்திலேயே தங்க வேண்டுமா? ஜாக்கெட், பை, ட்ராக் சூட் கட்டாயமா? ஸ்பொன்சர் பிடித்துத் தர வேண்டுமா, பிடிக்க முடியாவிட்டால் அந்தத் தொகையை நீங்களே கட்ட வேண்டுமா? பிள்ளை இடையில் காயப்பட்டால் அல்லது விலகினால் காசு திரும்புமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் அணி பருவம் முழுவதும் உங்களிடம் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அதற்கு வெளியே உபகரணச் செலவு. நல்ல கார்பன் ஸ்டிக் ஒன்று 300 டொலரைத் தாண்டும். அது முறிவதும் ஒரு ஷொட்டில்தான். பதின்ம வயதில் கால் ஆண்டுக்கு ஒரு அளவு வளரும். ஸ்கேட்டும் அதோடு மாறும். கோலி என்றால் எல்லாமே இரட்டிப்பு. பழைய உபகரணம் விற்கும் கடைகளில் தோள்கவசம், முழங்கால்கவசம், பை எல்லாம் வாங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹெல்மெட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். கடன் அட்டையில் டிரிபிள் ஏ ஆடவைக்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்தக் கடனைச் சுமந்துகொண்டுதான் ஐஸில் இறங்குகிறது. வீட்டில் பேசுவது அதற்குக் கேட்காமல் இல்லை.

டபிள் ஏ, சிங்கிள் ஏ

நடுவில் இருக்கும் இந்த இரண்டு படிகளைத்தான் எங்கள் பெற்றோர் குறைவாக மதிக்கிறார்கள். எனக்குப் பிடித்ததும் இவைதான். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஐஸ். பிள்ளையின் ஆட்டத்தை வளர்க்க அது போதும். அரீனா பெரும்பாலும் நகரத்தின் உங்கள் பக்கத்திலேயே இருக்கும்படி அணியைத் தேர்ந்துகொள்ளலாம். செலவு டிரிபிள் ஏயைவிடத் தெளிவாகக் குறைவு.

இன்னொன்று, ஐஸில் நிற்கும் நேரம். ஒரு அணியில் மூன்று ஃபோர்வர்ட் லைன், அதாவது மாறி மாறி இறங்கும் தாக்குதல் குழுக்கள். எல்லோருக்கும் சமமாக ஆடக் கிடைத்தால் ஒரு பிள்ளை ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு ஐஸில் நிற்கும். டிரிபிள் ஏயில் மூன்றாவது லைனில் இருக்கும் பிள்ளைக்கு அது கிடைக்காது. ஆட்டம் இறுகும்போது கோச் பெஞ்சைச் சுருக்குவார். எதிரணியில் ஆள் குறையும் பவர் ப்ளேக்கு முதல் லைன், கடைசி இரண்டு நிமிடத்துக்கும் முதல் லைன். அதே பிள்ளை டபிள் ஏயில் முதல் லைனில் ஆடும், தன் அணியில் ஆள் குறையும் பெனால்டி கில்லில் நிற்கும், கடைசி நிமிடத்தில் நடுவர் ரப்பர் வட்டான பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்-ஓஃப் எடுக்கும். நெருக்கடியில் பக்கை ஸ்டிக்கில் வைத்திருந்து பழகியவர்தான் ஆட்டக்காரர் ஆகிறார். ஜாக்கெட்டின் கையில் எத்தனை ஏ தைத்திருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

டிரிபிள் ஏ இல்லாவிட்டால் மேலே போகும் கதவு மூடிவிடும் என்ற பயத்துக்கு ஸ்காபரோவிலேயே பிறந்த வெய்ன் சிமண்ட்ஸின் வழி நல்ல பதில். ஓ.எச்.எல். தேர்வுக்கு வரும் முதல் வயதில் அவரை ஒரு அணியும் எடுக்கவில்லை. பிறகு பிரொக்வில் பிரேவ்ஸ் என்ற, ஓ.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழான ஜூனியர் ஏ அணிக்குப் போனார், அங்கிருந்து ஓ.எச்.எல்.லின் ஓவன் சவுண்ட். 2007-இல் லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அவரை இரண்டாவது சுற்றில் எடுத்தது. என்.எச்.எல்.லில் ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல் ஆடி முடித்தார். எல்லோரும் சிமண்ட்ஸ் ஆகிவிட முடியாதுதான். ஆனால் பத்து வயதுத் தேர்வில் தவறியது வாழ்நாள் தீர்ப்பு என்பவர்களுக்கு இந்த ஊரிலேயே மறுப்பு இருக்கிறது.

அதற்குப் பிறகு கதவுகள் இன்னும் கூடியிருக்கின்றன. 2019 முதல் ஓ.எச்.எல். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கென்று இன்னொரு தேர்வையும் நடத்துகிறது. முதல் தடவை விடுபட்டவர்களுக்கு அது இரண்டாவது வாய்ப்பு. அதைவிடப் பெரிய மாற்றம் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பக்கம் வந்தது. முன்பு ஓ.எச்.எல்.லில் ஆடியவருக்கு அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியின் முதல் பிரிவுக் கதவு மூடிவிடும். பதினாறு வயதில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்கத் தீர்மானித்தது. 2025 ஓகஸ்ட் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஓ.எச்.எல்.லைப் போன்ற மேற்குக் கனடா லீக்கின் மெடிசின் ஹட் அணியில் ஆடிய காவின் மக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது இந்த மாற்றத்தால்தான். இனிப் பதினாறு வயது முடிவு முன்னைப்போல் ஒருவழிப் பாதை இல்லை. ஆனால் ஓ.எச்.எல். வீரர்களும் அதே கல்லூரி இடங்களுக்கு வந்துவிட்டார்கள். ஜூனியர் ஏ வழியாகக் கல்லூரிக்குப் போக நினைத்தவர்களுக்குப் போட்டி கூடிவிட்டது. படிப்புத்தான் நோக்கம் என்றால் மதிப்பெண்ணைக் கைவிடாதீர்கள். கனடியப் பல்கலைக்கழக ஹொக்கியையும் பட்டியலில் வைத்திருங்கள். யோர்க் பல்கலைக்கழகமும் பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தில் ஆடும் ரொறன்ரோ மெற்றோபொலிட்டன் பல்கலைக்கழகமும் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கின்றன.

ஏஜக்ஸிலும் விட்பியிலும் இருப்பவர்களுக்கு

டுர்ஹம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஜி.டி.எச்.எல். எல்லைக்கு வெளியே ஒன்ராறியோ மைனர் ஹொக்கி அசோசியேஷன், அதாவது ஓ.எம்.எச்.ஏ., 1935 முதல் இயங்குகிறது. அதன் கீழ் ஏஜக்ஸ்-பிக்கரிங் ரெய்டர்ஸ், விட்பி வைல்ட்கட்ஸ் போன்ற டிரிபிள் ஏ அணிகள் ஆடுகின்றன. இங்கே கழகம் ஊரைச் சார்ந்தது. உங்கள் பிள்ளையோடு பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் அதே அணியில் இருப்பார்கள், உள்ளூர் அரீனாவே வீட்டு அரீனா. ரொறன்ரோவில் ஒரு கோச் ஒரு கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பாதி அணியும் அவர் பின்னால் போகும் பழக்கம் உண்டு. ஊர்க் கழகங்களில் அது அவ்வளவாக இல்லை. மறுபக்கம், பெற்றர்பரோ, கிங்ஸ்டன் வரை ஆட்டங்களுக்கு ஓட வேண்டியிருக்கும். பனி கொட்டும் ஜனவரி இரவில் அந்தப் பயணம் சின்ன விஷயமில்லை.

நியூமார்க்கெட்டைச் சேர்ந்த மக்டேவிட் சிறுவயதில் ஆடியது யோர்க் சிம்கோ எக்ஸ்பிரஸ் என்ற ஓ.எம்.எச்.ஏ. அணியில்தான், அதற்குப் பிறகுதான் மார்ல்பரோஸுக்கு வந்தார். 2012-இல் வழமைக்கு ஓராண்டு முன்பே, பதினைந்து வயதில், ஓ.எச்.எல். ஆட விசேட அனுமதி பெற்றார். டுர்ஹமில் இருந்துகொண்டு எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையை வாரம் நான்கு தடவை டவுன்ஸ்வியூவுக்கு ஏற்றி இறக்குவதற்குக் காரணம் ஒன்றுமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. எந்த லீக்கில் ஆடலாம் என்பதை வசிப்பிட விதி தீர்மானிக்கும். அது அவ்வப்போது மாறுவதால் கழகத்தின் வாய்ச்சொல்லை நம்பாமல் லீக் அலுவலகத்திலேயே கேளுங்கள்.

ஹவுஸ் லீக்கைக் குறைத்துப் பேசாதீர்கள்

வாரத்துக்கு ஒரு ஆட்டம், சில இடங்களில் ஒரு பயிற்சி. பல ஹவுஸ் லீக்குகளில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். யாரிடம் பக் இருந்தாலும் ஆட்டம் நிற்கும், ஐஸில் இருந்த ஐந்து பேரும் வெளியே வருவார்கள், அடுத்த ஐந்து பேர் இறங்குவார்கள். நன்றாக ஆடுபவருக்கும் நேற்றுத்தான் ஸ்கேட் கட்டப் பழகியவருக்கும் ஒரே நேரம். ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைக்கு இதைவிட நியாயமான இடம் கிடையாது. எட்டு வயதுக்குப் பிறகு தொடங்கும் பிள்ளையும் இங்கேதான் வளர முடியும். கூடுதலாக ஆட விரும்பினால் அதே ஹவுஸ் லீக்கிலிருந்து செலெக்ட் அணிக்குப் போகலாம். வாரம் ஒரு நாள் கூடும், அவ்வளவுதான்.

இதுவரை ஸ்கேட்டே கட்டாத பிள்ளை என்றால் மாநகர சபையின் ஸ்கேட்டிங் வகுப்பில் தொடங்குங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ரொறன்ரோ மாநகர சபையின் வெல்கம் பொலிசி உதவி இருக்கிறது. கனேடியன் டயரின் ஜம்ப்ஸ்டார்ட் பதிவுக் கட்டணத்துக்கும் உபகரணத்துக்கும் உதவும். ஆறு முதல் பத்து வயதுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்ற தொடக்கத் திட்டம் இருக்கிறது. அதன் கட்டணத்துக்குள் தலை முதல் கால் வரையான உபகரணமும் அடங்கும். விண்ணப்பிக்கத் தயங்காதீர்கள். இந்த உதவிகள் உங்கள் பிள்ளைக்காகவே இருப்பவை.

பெண் பிள்ளைகள் ஜி.டி.எச்.எல். அணிகளிலும் ஆடலாம், ஒன்ராறியோ மகளிர் ஹொக்கி அசோசியேஷனின் அணிகளிலும் ஆடலாம். அந்த அமைப்பு 1975 முதல் இருக்கிறது. சிறுவயதில் பையன்களோடு ஆடி வேகம் பழகியவர்கள் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெண்கள் அணிக்கு மாறுவது நல்லது என்றே சொல்வேன். உடல் அளவு வேறுபடத் தொடங்குகிறது, உடை மாற்றும் அறையில் தனியே உட்காருவதும் முடிவுக்கு வரும். அமெரிக்கக் கல்லூரிகளின் ஸ்கவுட்களும் அங்கேதான் வருவார்கள். 2024 ஜனவரி முதல் நாள் ரொறன்ரோவில் பி.டபிள்யூ.எச்.எல். என்ற மகளிர் தொழில்முறை லீக்கின் முதல் ஆட்டம் நடந்தது. இன்று அந்த லீக்கின் ரொறன்ரோ செப்டர்ஸ் ஆட்டத்துக்கு மகளைக் கூட்டிப் போகலாம்.

ஹில் அகடமி, செயின்ட் அன்ட்ரூஸ், ரிட்லி போன்ற தனியார் பள்ளிகளிலும் ஹொக்கி உண்டு. பள்ளிக் கட்டணம் பல பத்தாயிரம் டொலர். அந்தப் பள்ளியின் படிப்புக்காகப் போக நினைத்தால் போங்கள், ஹொக்கிக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

வயதும் உடம்பும்

கனடாவில் ஹொக்கி வயதுக் கணக்கு ஜனவரி முதல் நாளில் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே அணிக்குப் போட்டி போடும். பத்து வயதில் அந்தப் பதினொரு மாதம் பெரிய வித்தியாசம். உயர்மட்ட ஜூனியர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருப்பதை உளவியலாளர் ரொஜர் பார்ன்ஸ்லி 1985-இலேயே காட்டினார். பெரிய உடம்பைத் திறமை என்று கோச் எடுத்துக்கொள்கிறார். அந்தப் பிள்ளைக்கு நல்ல பயிற்சி, கூடுதல் ஐஸ். இரண்டு ஆண்டில் அது உண்மையிலேயே திறமையாகிவிடுகிறது. உங்கள் பிள்ளை ஒக்ரோபர், நவம்பரில் பிறந்ததென்றால் முதல் ட்ரை-அவுட்டில் தவறியதைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதின்மூன்றில் உயரம் ஓடும். அதுவரை ஒரு படி கீழே நிறைய ஆடட்டும்.

உடல் மோதலும் முடிவில் சேரும். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் 2,000-க்கும் மேற்பட்டோரை அல்பேர்ட்டாவிலும் கியூபெக்கிலும் ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வந்தது. மோதல் அனுமதிக்கப்பட்ட அல்பேர்ட்டாவில் மூளை அதிர்ச்சிக் காயத்தின் அபாயம் மூன்று மடங்குக்கும் மேல். அதைத் தொடர்ந்து 2013 முதல் ஹொக்கி கனடா அந்த வயதுப் பிரிவிலும் அதற்குக் கீழும் மோதலைத் தடை செய்தது. மோதல் தொடங்கும் பதின்மூன்று வயதில், சின்ன உடம்புக்காரப் பிள்ளையை எந்தப் படியில் விடுவது என்று மறுபடி யோசியுங்கள். ரோவன் சட்டம் என்று ஒன்ராறியோவில் 2018-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் திரும்ப இறக்கக் கூடாது. பிளே-ஓஃப் என்று சொல்லி இதை வளைக்கும் அணியில் ஒரு நாளும் விடாதீர்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ஒரே விளையாட்டில் மட்டும் இறங்குவதைப் பதினைந்து, பதினாறு வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது. கோடையில் கிரிக்கெட்டோ உதைபந்தோ ஆடும் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். வசந்தத்திலும் கோடையிலும் ஹொக்கி விற்பவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

இனி எங்கள் பிள்ளைகளின் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இனவெறி குறித்து ஆராய ஜி.டி.எச்.எல். ஒரு சுயாதீனக் குழுவை அமைத்தது, அதன் அறிக்கை 2022-இல் வெளிவந்தது. ஹொக்கி கனடாவும் இன இழிசொல்லுக்கு ஆட்டத்திலிருந்து நீக்கி விசாரணை வரை இடைநிறுத்தும் விதியைக் கொண்டுவந்திருக்கிறது. விதி புத்தகத்தில் இருந்தால் போதாது. ட்ரை-அவுட்டுக்கு முன் அந்தக் கோச்சின் ஆட்டம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். பெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிப் பக்கம் நில்லுங்கள். பிழை விட்ட பிள்ளை பெஞ்சுக்குத் திரும்பும்போது கோச் என்ன செய்கிறார்? தோளில் தட்டிப் பலகையில் வரைந்து காட்டுகிறாரா, முதுகைத் திருப்புகிறாரா? பெற்றோர் கூட்டத்தில் சொல்லும் எல்லா வாக்குறுதியையும்விட அந்தப் பத்து நொடி எனக்கு முக்கியம்.

என்னைக் கேட்டால், பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரை வீட்டுக்குக் கிட்ட ஒரு நல்ல கோச் இருக்கும் டபிள் ஏ அல்லது சிங்கிள் ஏ. பதின்மூன்றில் ஒருமுறை மறுபரிசீலனை. பிள்ளை தானே காலையில் எழுந்து பையைத் தூக்குகிறது, டிரிபிள் ஏயில் முதல் இரண்டு லைனுக்குள் வரும், செலவு கடனில்லாமல் தாங்கும் என்றால் போங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இன்னொரு ஆண்டு பொறுங்கள். முன்னரே டிரிபிள் ஏயில் இருந்துகொண்டு பெஞ்சில் காயும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு படி இறக்கி விடுவதில் தோல்வி எதுவும் இல்லை.

அழைப்பு வந்தால் பெரும்பாலும் அரீனா வாசலிலேயே வரும். "இடம் இருக்கு, இப்பவே சைன் பண்ணுங்கோ" என்பார்கள். வரவுசெலவுத் தாளையும் பயிற்சி நாட்களையும் கேளுங்கள், மகனிடம் தனியே ஒரு வார்த்தை கேளுங்கள், மறுநாள் காலை வரை நேரம் கேளுங்கள். உங்கள் பிள்ளையை உண்மையாக விரும்பும் கோச் ஒரு இரவு பொறுப்பார். பட்டியலில் பெயர் வராவிட்டால் டபிள் ஏ ட்ரை-அவுட் தொடங்கும் நாளைப் பார்த்து உடனே பதிவு செய்யுங்கள். டிரிபிள் ஏயில் கடைசிச் சுற்றில் விடுபட்ட பிள்ளைகளை அங்கே கோச்மார் தேடிக்கொண்டிருப்பார்கள்.